1964 இலும் புயல் வந்தது, தென்துருவத்தில் பனி கூடியது: அத்தானுக்கு என்ன பதில் சொல்வது?

ஐஸ்பெட்டிக்காரன், உப்புவெளி:

எனக்கு மீன் வியாபாரம். விடியப்புறம் கரைவலை வாடிகளில் மீன் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி, லொறியில் ஹபரணை, தம்புள்ள வழியாகக் கண்டிக்கு அனுப்புவேன். இருபத்தாறு வருடமாக ஐஸ் கட்டியோடு மாரடிப்பதால், துருவப் பனி பற்றி யார் பேசினாலும் காது தானாகவே அந்தப் பக்கம் போய்விடும்.

சண்டை அத்தானோடுதான். அக்காவின் கணவர், வயது எழுபது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போனதிலிருந்து வீட்டில் இதே பேச்சு. அக்காவின் பேத்தி பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து "புவி வெப்பமாவதால்தான் இந்தப் புயல்" என்று சொல்ல, அத்தான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். "64 மார்கழியில் புயல் அடிக்கும்போது எனக்கு ஒன்பது வயது. கூரைத் தகரம் பறந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதே புயல்தான் தனுஷ்கோடியையும் அழித்தது. 78 கார்த்திகையில் மட்டக்களப்பே தரைமட்டம். அப்போது ஊரில் எத்தனை கார் ஓடியது, எத்தனை ஏசி இருந்தது?" என்று கேட்டார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம்.

அடுத்த நாள் இன்னும் இரண்டு கேள்வியோடு வந்தார். ஒன்று, 2014 இல் தென்துருவக் கடலில் பனி என்றுமில்லாத அளவுக்குக் கூடியதாம், சூடேறும் உலகத்தில் பனி எப்படிக் கூடும்? இரண்டு, வடதுருவத்துப் பனி மிதக்கிற பனி, அது முழுக்க உருகினாலும் கடல் ஏறாது. அதைக் காட்ட என் பெட்டியிலிருந்தே ஒரு துண்டு ஐஸ் எடுத்து டம்ளரில் போட்டார். ஐஸ் கரைந்தது, தண்ணீர் மட்டம் அப்படியே இருந்தது. என் ஐஸை வைத்தே என்னை மடக்கிவிட்டார் மனுசன்.

அவர் படிக்காதவர் இல்லை. வீம்புக்குப் பேசுபவரும் இல்லை. இந்த மூன்றுக்கும் நேர்மையான பதில் யாராவது சொல்லுங்கள். "விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது அவரிடம் எடுபடாது.

பழைய பௌதிகம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி, முதலில் உங்கள் அத்தானுக்கு என் வணக்கம். மூன்றில் இரண்டு சரி. என் வகுப்பில் இருந்திருந்தால் முன் வாங்கில் இருத்தியிருப்பேன்.

புயல் விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம். ஒரு புயலைக் காட்டி வெப்பமாதலை நிறுவ முடியாது. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. நிபுணர் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கையிலும் உலகத்தில் புயல்களின் எண்ணிக்கை கூடிவிட்டதாகச் சொல்லவில்லை. பலத்த புயல்களின் பங்கு கடந்த நாற்பது வருடத்தில் கூடியிருக்கக்கூடும் என்கிறது, அவ்வளவுதான். ஆனால் அத்தானிடம் ஒன்று கேளுங்கள். 78 இல் மட்டக்களப்பை முறித்தது எது? காற்று. டித்வாவில் காற்று பெரிதாக இல்லை, 600 பேருக்கு மேல் இறந்தது மழையாலும் மண்சரிவாலும். காற்று ஒரு பாகை சூடானால் அது ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். 1950 க்குப் பிறகு இந்து சமுத்திரத்தின் மேல்நீர் சராசரியாக ஒரு பாகை அளவு சூடாகியிருக்கிறது. புயல் எப்போதும் வரும், அது தூக்கிக்கொண்டு வரும் தண்ணீர்தான் கூடுகிறது.

டம்ளரும் சரி. மிதக்கும் பனி உருகினால் மட்டம் ஏறாது, ஆர்க்கிமிடீஸ் விதி அது. வடதுருவத்தில் இருப்பது கடல்மேல் மிதக்கும் பனிதான். ஆனால் கிறீன்லாந்திலும் அந்தாட்டிக்காவிலும் இருப்பது நிலத்தின் மேல் குந்தியிருக்கும் பனி. இன்னொரு டம்ளர் எடுத்து, மேலே தேநீர் வடியை வைத்து, ஐஸை அதற்குள் போடச் சொல்லுங்கள். கிறீன்லாந்து மட்டும் 2002 முதல் வருடத்துக்குச் சராசரியாக 260, 270 பில்லியன் தொன் பனியை இழக்கிறது. மேலே பறக்கும் செய்மதிகள் இரண்டு, கீழே உள்ள பனியின் ஈர்ப்பு குறைவதைப் பார்த்து இதை நிறுக்கின்றன. தராசே வானத்தில் இருக்கிறது!

இனி 2014. அந்த வருடம் தென்துருவத்தைச் சுற்றிய கடற்பனி 2 கோடி சதுர கிலோமீற்றரைத் தாண்டியது உண்மை. அத்தான் செய்தியை அங்கேயே நிறுத்திவிட்டார். 2023 செப்டெம்பரில் அதே பனி அதன் உச்சத்திலேயே 1.7 கோடியைத் தொடவில்லை, செய்மதிப் பதிவு தொடங்கிய பிறகு உச்சம் அவ்வளவு குறைந்தது அதுதான் முதல் தடவை. தென்துருவக் கடற்பனி காற்றையும் நீரோட்டத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். நிலத்துப் பனியோ 2014 இலும் குறைந்துகொண்டுதான் இருந்தது. வடக்கில் 1980களின் செப்டெம்பர்களில் சுமார் 70 இலட்சம் சதுர கிலோமீற்றர் பனி இருந்தது, 2012 செப்டெம்பரில் 34 இலட்சம். அதற்குப் பிறகு சில வருடம் கூடியது, அதையும் மறைக்கக்கூடாது. ஆனால் 2007 முதல் வந்த எந்தச் செப்டெம்பரும் அதற்கு முந்தைய பதிவின் மட்டத்துக்குத் திரும்பவில்லை.

வெருகல் வயல்காரன்:

காற்று, வீதம் எல்லாம் எனக்கு விளங்காது. எங்கள் வயலில் டித்வாவுக்கு வந்த தண்ணீர் எங்கள் மழை இல்லை. மலைநாட்டில் பெய்தது மகாவலியால் இறங்கி வந்தது. இங்கே மழை விட்டு வெயில் எறித்த பிறகுதான் வரம்புக்கு மேலே வந்தது. விதைத்து ஒரு மாதப் பயிர். தண்ணீர் வடிந்தபோது நெல் நின்ற இடத்தில் மண் நின்றது. சேர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அணைக்கட்டு, குளம் திறந்தது, காடு வெட்டியது, ஆற்றங்கரையில் மண் அள்ளியது, இதையெல்லாம் விட்டுவிட்டு வெப்பமாதல் தலையில் மட்டும் பழியைப் போட்டால் சிலருக்கு வசதியாகப் போய்விடும்.

பழைய பௌதிகம்:

நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். மழை எவ்வளவு பெய்தது என்பது ஒரு கேள்வி, பெய்த மழை யாருடைய வயலில் போய் நின்றது என்பது வேறு கேள்வி.

கோணமலையான்:

எல்லாரும் வெள்ளைக்காரன் கணக்கையே ஒப்புவிக்கிறீர்கள். இருபதாயிரம் வருடத்துக்கு முன் கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீற்றர் கீழே இருந்தது. மன்னாரிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே போயிருக்கலாம். அதற்குப் பிறகு கடல் ஏறியது யார் விட்ட புகையால்? திருகோணமலையில் சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள் கோவில் தூண்கள் கிடக்கின்றனவே, அதுவும் வெப்பமாதலா? சுனாமியையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பழைய பௌதிகம்:

தூண்களை 1620களில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளினார்கள். கடல் ஏறி மூடவில்லை. சுனாமி கடலடி நிலநடுக்கம், அதை இதோடு சேர்ப்பவர் யாராக இருந்தாலும் பிழை. அந்தப் பிழையைச் சூழல் கூட்டங்களில் மேடையில் நின்று சொல்பவர்களையும் கேட்டிருக்கிறேன், தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றும்.

120 மீற்றர் சரியான எண். பனியுகம் முடிந்தது பூமியின் சாய்வும் சுற்றுப்பாதையும் மெல்ல மாறியதால். அந்தக் கணக்கை இன்றைக்குப் போட்டால் பூமி மிக மெதுவாகக் குளிர வேண்டும். 2024 இல் அது 1850-1900 சராசரியைவிட ஒன்றரைப் பாகை அளவு சூடாக இருந்தது.

யார் புகை என்று கேட்டதும் நல்ல கேள்வி. வளியில் காபனீரொட்சைட்டு ஆலைகள் வருவதற்கு முன் மில்லியனில் 280 பகுதி, இன்று 420 க்கு மேல். கூடியது பழைய நிலக்கரியிலும் எண்ணெயிலும் இருந்து வந்தது என்று காட்டிக்கொடுப்பது காபன் 14, காலம் போகப் போகச் சிதைந்து மறையும் ஒரு காபன் வகை. கோடிக்கணக்கான வருடம் புதைந்து கிடந்த காபனில் அது இருக்காது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். கீழே சூடாகிறது, மேலே உயரத்து வளியடுக்கான படைமண்டலம் குளிர்கிறது. போர்வைக்குள் கிடப்பவனுக்கு வேர்க்கும், போர்வைக்கு வெளியே குளிரும். வெள்ளைக்காரன் கணக்கு என்றால், சுவீடன்காரர் அரீனியஸ் 1896 இலேயே அதைக் கையால் போட்டுவிட்டார். அப்போது இதை வைத்து யாரும் வரி கேட்கவில்லை.

ஐஸ்பெட்டிக்காரன்:

சேர், மிக்க நன்றி. நேற்றிரவு அத்தான் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெட்டியை வைத்தே தொடங்கினேன். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டால் உப்புவெளியிலும் ஒரே குளிர், தம்புள்ளையிலும் ஒரே குளிர். ஐஸ் இருக்கும்வரை உள்ளே சூடு ஏறியது கைக்குத் தெரியாது. கண்டியில் மூடியைத் திறந்து, ஐஸ் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால்தான் வழியில் உள்ளே போன சூட்டின் கணக்கு தெரியும். ஒரு கிலோ ஐஸை உருக்கும் சூடு, உருகிய அதே தண்ணீரை 80 பாகை வரைக்கும் கொண்டுபோகும் என்று மகன் பாடப்புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினான். கொதிக்கக் கொஞ்சம்தான் மிச்சம். "இன்றைக்கு மழை, நாளைக்குக் காற்று என்பது கை சொல்லும் கதை அத்தான், பனிதான் பெட்டிக்குள்ளே இருக்கிற கணக்குக் கொப்பி" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் இரண்டு டம்ளர். ஒன்றில் ஐஸ் மிதக்க, மற்றதில் அக்காவின் தேநீர் வடியை வைத்து அதற்குள் ஐஸ். இரண்டிலும் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பியது நான், அளவு சரியா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தது அத்தான். அரை மணித்தியாலம் எல்லாரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம், தொலைக்காட்சி நாடகத்தைக்கூட அக்கா விட்டுவிட்டார். வடி வைத்த டம்ளர் வழிந்து, மேசையில் கிடந்த என் கடன் கொப்பியில் ஊறிவிட்டது. ஆர் ஆர் எவ்வளவு தரவேண்டும் என்று இனி ஞாபகத்தில்தான் எழுத வேண்டும்.

அத்தான் கொப்பியைத் தூக்கி உதறிவிட்டு, "சரி, பனியை விட்டுத் தருகிறேன். 64 ஐ விட்டுத்தர மாட்டேன்" என்றார்.

"விடவேண்டாம் அத்தான், சேரும் அதைத்தான் சொல்கிறார்" என்றேன். எந்தச் சேர் என்று கேட்டார். சொன்னேன். எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்று கேட்கச் சொன்னார்.