மறுமொழி: ‘கிரியான்சா’வுக்குத் தமிழ்ச் சொல்: முதிர்ப்பா, வளர்ப்பா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒயினைப் பீப்பாயிலும் புட்டியிலும் வைத்துப் பக்குவமாக்குவதைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் ‘கிரியான்சா’. அதற்கு இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: முதிர்ப்பு, மரப்பதனம், ஊறல், நாட்படு. பொருளைக் கிட்டத்தில் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வந்தால் நல்லது என்று படுகிறது. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மேசையில் ‘வின்யா குபீயோ’ ஒரு புட்டி இருக்கிறது. வடக்கு ஸ்பெயினில், ரியோஹா வட்டாரத்து ஆரோ ஊரில், 1877 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் லோப்பெஸ் தே எரேதியா ஒயினகத்தின் சிவப்பு ஒயின். திராட்சையும் அவர்கள் தோட்டத்தது, பீப்பாய் செய்யும் தச்சுப்பட்டறையும் அவர்களுடையது. சீட்டில் ‘கிரியான்சா’ என்று போட்டிருக்கிறது. ரியோஹா விதிப்படி அந்தச் சொல்லைப் போட ஒயினை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும், அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில். குபீயோவை அவர்கள் மூன்று ஆண்டு பீப்பாயில் வைக்கிறார்கள். ஊற்றிப் பார்த்தால் கருஞ்சிவப்பு கிடையாது. ஓரத்தில் செங்கல் நிறம் தட்டுகிறது. துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்காமல் மெல்லப் படர்ந்து போகிறது.

அந்த மூன்று ஆண்டில் நடப்பது என்ன? புது ஒயினின் துவர்ப்புப் பொருள்கள் பல்லைக் கூசவைக்கும். ஓக் மரத்தின் வழியே நூலிழையாக உள்ளே வரும் காற்று அவற்றை ஒன்றோடொன்றும் நிறப்பொருளோடும் பிணைக்கிறது. முரடு தணிகிறது, ஊதா சிவப்பாகிறது. இது தானாக நடப்பது. ஆனால் தானாக நடக்க விட்டால் ஒயின் கெட்டுவிடும். மரம் குடித்த அளவுக்குப் பீப்பாயை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிரப்பாவிட்டால் மேலே வெற்றிடம் விழுந்து காடியாகும். பழைய முறை நிலவறைகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு, விசைக்குழாய் இல்லாமல், சரிவிலேயே ஒயினை இறக்குகிறார்கள். ஒருவர் கையில் கண்ணாடிக் குவளை, அதற்குப் பின்னால் மெழுகுவத்தி. ஒழுகும் ஒயினில் வண்டலின் முதல் புகை தெரிந்த நொடியில் அடைப்பை இறுக்குகிறார். புட்டியில் அடைப்பதற்கு முன் முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து ஊற்றுகிறார்கள். மிச்சமிருக்கும் கரட்டுத் துவர்ப்பைப் பற்றிக்கொண்டு அது அடியில் படிந்துவிடும். அந்த நிலவறையில் சிலந்தி வலையைக்கூடத் துடைப்பதில்லை. கார்க்கைத் துளைக்கும் அந்துப்பூச்சியைச் சிலந்தி பிடித்துவிடுமாம். இவ்வளவு கவனிப்புக்கும் சேர்த்து ஸ்பானியர் வைத்த பெயர்தான் கிரியான்சா.

இனி சொல். ‘கிரியார்’ என்ற வினையிலிருந்து வந்தது. ஸ்பெயினில் பிள்ளையை வளர்ப்பதும் கிரியார், ஆட்டை வளர்ப்பதும் கிரியார், ஒயினை வளர்ப்பதும் கிரியார். வயதாகிப்போனதைச் சொல்ல ‘அன்யேஹோ’ என்று தனிச்சொல் அவர்களிடமே உண்டு. டெக்கீலாப் புட்டியில் பலர் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் நாம் ஒரே சொல் வைத்தால் அவர்கள் பிரித்து வைத்ததை நாம் கலந்துவிடுகிறோம்.

> முதிர்ப்பு என்றால் எல்லாருக்கும் புரியும். அதையே வைக்கலாமே.

புரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதிர்தல் தன்வினை. நெல்லும் முதிரும், கடனும் முதிரும். ‘முதிர்ப்பு’ என்று பிறவினை ஆக்கினாலும் காதில் விழுவது காலம்தான், ஆளின் கை விழவில்லை.

‘மரப்பதனம்’ பொருளைச் சுருக்கிவிடுகிறது. புட்டிக்குள் படுத்துக்கிடக்கும் காலமும் கிரியான்சாக் கணக்கில் சேரும். மேலும் பதனம் என்றால் உள்ளதை உள்ளபடி காப்பது. இங்கே வேலையே ஒயினை மாற்றுவது.

‘ஊறல்’ வேண்டவே வேண்டாம். ‘ஊறல் அழிப்பு’ என்று செய்தித்தாளில் படித்துப் பழகிய தமிழ்நாட்டு வாசகருக்கு அது சாராயப் பானை.

‘நாட்படு’ பரிந்துரைத்த ஐயாவுக்கு நன்றி. புறநானூற்றில் நாட்பட்ட தேறலும் வருகிறது, நிலத்தில் புதைத்துப் பழுத்த தேறலும் வருகிறது. இவ்வளவு அழகான சொல்லை விட மனமில்லை. அதை அன்யேஹோவுக்கு வைப்போம். நாள் பட்டது, அவ்வளவுதான். யாரும் பட வைத்ததாக அந்தச் சொல் சொல்லவில்லை.

என் பரிந்துரை: வளர்ப்பு. ‘வளர்ப்பு அப்படி’ என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது வளர்த்தவரும் கூடவே வந்து நிற்கிறார் பாருங்கள், அதுதான் இங்கே வேண்டும். ஒரு சொல் நல்ல சொல்லா என்று பார்க்க, அதற்குக் கிளை விடுகிறதா என்று நான் பார்ப்பேன். பீப்பாய் வளர்ப்பு, புட்டி வளர்ப்பு என்று உடனே விடுகிறது. தெற்கே, ஷெர்ரி ஒயினின் ஊரான ஹெரெஸில் ஒயினின் மேல் ஈஸ்ட் ஆடை படர்ந்து காற்றை மறிக்கும் முறையும் உண்டு, ஆடையில்லாமல் காற்றாட விடும் முறையும் உண்டு. இரண்டுக்கும் ஸ்பானியத்தில் கிரியான்சாதான்; நமக்கு ஆடை வளர்ப்பு, காற்று வளர்ப்பு. அங்கே அடுக்கடுக்காக வைத்த பீப்பாய்களில் மேலடுக்குகளுக்குப் பெயர் ‘கிரியதேரா’, அதே வேரிலிருந்து வந்தது. செடிகளின் நாற்றங்காலுக்கு ஸ்பானியத்தில் வழங்கும் ‘கிரியதேரோ’வும் அதே வேர்தான். இளைய ஒயின் அங்கிருந்து கீழடுக்குக்கு இறங்குகிறது. அதற்கு ‘நாற்றங்கால்’ என்றே எழுதலாம் என்று தோன்றியபோது எழுந்து நாலு நடை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

குறைகள் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

*

தம்பி, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா.

நல்லாய் எழுதியிருக்கிறீர். எங்கட பக்கம் ‘வைன்’ எண்டுதான் எழுதுவம், அதை விடுவம். எனக்கு இரண்டு சிக்கல் தெரியுது.

‘வைன் வளர்ப்பு’ எண்டால் ‘மீன் வளர்ப்பு’, ‘கோழி வளர்ப்பு’ மாதிரி, முந்திரிகைத் தோட்டம், உங்கட திராட்சைத் தோட்டம், வைக்கிறதாக்கும் எண்டு நினைப்பினம். அது ஒண்டு. மற்றது பெரிசு. ‘வளர்ப்பு மகன்’ எண்டு சொல்லுறம் எல்லோ? ‘வளர்ப்பு வைன்’ எண்டு போத்தலில் கண்டால், வேற இடத்தில வாங்கித் தன்ர பேரை ஒட்டினது எண்டு விளங்கும். சொந்தத் தோட்டத்துப் பழத்தில செய்யிற வீட்டுக்கு இது அநியாயம் எல்லோ?

*

அக்கா, வணக்கம்.

இரண்டாவது எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் சொன்னபிறகு ‘வளர்ப்பு ஒயின்’ என்று என்னால் எழுத முடியாது.

முதலாவதற்கு வழி இருக்கிறது. திராட்சைக்கு எப்போதும் ‘சாகுபடி’ என்றே எழுதுவோம். ‘வளர்ப்பு’ தனியாக நிற்காமல் பீப்பாய், புட்டி, ஆடை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டே வரட்டும். இரண்டாவதற்கு, பெயரடையாக வருமிடத்தில் ‘வளர்த்த’ என்று எச்சமாக்கிவிட்டால் தத்துப்பிள்ளைப் பொருள் போய்விடுகிறது: ‘மூன்று ஆண்டு பீப்பாயில் வளர்த்த ஒயின்’. பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘வளர்த்தெடுத்தல்’. ‘நாலு பிள்ளையையும் தனியாளாக வளர்த்தெடுத்தாள்’ என்று சொல்வோமே, அந்த வளர்த்தெடுத்தல். உழைப்பும் அதில் ஏறி வருகிறது. ‘வளர்ப்பு’ என்று நான் முதலில் சொன்னதைவிட இது நன்றாக இருக்கிறது.

புட்டிச் சீட்டில் வரும் கிரியான்சா, ரெசேர்வா, கிரான் ரெசேர்வா மூன்றும் ஒயினை எவ்வளவு காலம் வைத்தார்கள் என்று காட்டும் சட்டப் பெயர்கள். அவற்றை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடுவோம். ஸ்பெயினின் பெரும்பகுதியில் வாயில் வருவது ‘கிரியான்தா’, தென்னமெரிக்காவில் ‘கிரியான்சா’. நமக்கு ‘சா’ பழகிவிட்டது, அதுவே இருக்கட்டும்.

அகராதிக்கு நான் எழுதிவைத்திருப்பது:

கிரியான்சா: ஒயினைப் பீப்பாயிலும் பின் புட்டியிலும் வைத்து, நிரப்பி, வண்டல் நீக்கி, தெளிவித்து வளர்த்தெடுத்தல். சீட்டில் வரும்போது சட்டப் பெயர்.

ஹெரெஸில் தரையோடு கிடக்கும் அடியடுக்கு ‘சொலேரா’. அதற்குத் ‘தரைவரிசை’ என்று குறித்திருக்கிறேன், ஆனால் ‘நாற்றங்கா’லுக்குப் பக்கத்தில் வைத்தால் ‘நடவு வயல்’ கேட்கிறது. அக்கா, உங்களுக்கு எது படுகிறது? தனி இழையில் எழுதுங்கள்.