ஆஸ்பத்திரி கவுன்சிலிங்ல இருந்து சர்ச் ரூமுக்கு வந்தேன், உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எம்எஸ்சி சைக்காலஜி முடிச்சுட்டு ஒரு ஆஸ்பத்திரில ஏழு வருஷம் கவுன்சிலரா இருந்தேன், இப்போ மூணு வருஷமா பாளையங்கோட்டை பக்கம் ஒரு சர்ச்ல, போதகர் அங்கி மாத்தற வெஸ்ட்ரிய ஒட்டின சின்ன ரூம்ல உக்காந்து கவுன்சிலிங் பாக்கறேன். சைக்காலஜி பொய்னு தெரிஞ்சுதான் வந்துட்டியான்னு கேக்கறாங்க. இல்லவே இல்ல.

ஆஸ்பத்திரில இருந்தப்போ ஒரு அம்மா வந்தாங்க, பையன் தற்கொலை பண்ணி நாலு மாசம் ஆயிருந்துச்சு. பிஹெச்க்யூ-9 பேப்பர் குடுத்தேன், ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மார்க், மனச்சோர்வு எவ்வளவு இருக்குன்னு பாக்கறது. எட்டுக்கு டிக் போட்டுட்டாங்க. ஒன்பதாவது, செத்துட்டா தேவலன்னு தோணுதாங்கற கேள்வி, அதுல பேனாவ வச்சவங்க எடுக்கவே இல்ல, மை ஊறி புள்ளி பெருசாகிட்டே போச்சு. அப்புறம் நிமிந்து, "ஏம்மா, எம்புள்ள பரலோகத்துல இருப்பானா?"ன்னாங்க. நான் படிச்ச மாதிரியே "இந்தக் கேள்வி உங்கள என்ன பண்ணுதும்மா"ன்னு திருப்பிக் கேட்டேன். அவங்க பேப்பர மடிச்சு பைக்குள்ள வச்சுட்டாங்க. மகளக் கூப்பிட்டுப் பேசி, தனியா விடாதீங்கன்னு சொல்லி, அன்னைக்கே மனநல டாக்டர்கிட்ட அனுப்பிட்டேன், அது சரியாத்தான் நடந்துச்சு, ஆனா அவங்க கேட்டது அத இல்லையே. எல்லா மதத்துக்காரங்களும் வர்ற இடத்துல என் விசுவாசத்த எடுத்து நீட்டக்கூடாது, அந்த ஒழுங்கு சரிதான், அதனாலதான் நான் இடத்த மாத்திக்கிட்டேன்.

அப்புறம் ஒரு வருஷம் கிறிஸ்தவ கவுன்சிலிங் டிப்ளமோ. அங்க மொத மாசமே வாக்குவாதம். ஜே ஆடம்ஸ்னு அமெரிக்க போதகர், 1970ல அவர் எழுதின புக்ல இருந்து கிளம்பின வழி ஒண்ணு இருக்கு, உடம்புக் கோளாறு இல்லாத பிரச்சனைக்கெல்லாம் வேர் பாவம்தான், வேதத்த வச்சு புத்தி சொல்லணும்ங்கறது. லாரி கிராப் வேற மாதிரி, அவரே கிளினிக்கல் சைக்காலஜில டாக்டர் பட்டம் வாங்கினவர், இஸ்ரவேலர் கிளம்பும்போது எகிப்தியர்கிட்ட பொன்னும் வெள்ளியும் வாங்கிட்டு வந்த மாதிரி சைக்காலஜில நல்லத எடுத்துக்கலாம்னார். நான் கிராப் பக்கம்.

பைபிள்ல எலியா தீர்க்கதரிசியப் பாருங்க, 1 இராஜாக்கள் 19. சூரைச்செடி கீழ உக்காந்து போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவ எடுத்துக்கோங்கன்னு கேட்டவர் அவர். தூதன் வந்து ஏன்யா விசுவாசம் இல்லன்னு திட்டல, எழுந்திருந்து போஜனம்பண்ணுன்னார், சுட்ட அடையும் தண்ணியும், திரும்பத் தூக்கம், திரும்பச் சாப்பாடு. கர்த்தர் பேசினது அதுக்கப்புறம் நாப்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனப்பதான். நான் இப்பவும் மொதல்ல கேக்கறது தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களான்னுதான். பாரத்தோட வர்றவங்களோட 88ம் சங்கீதம் வாசிப்பேன், கடைசி வசனம் வரைக்கும் புலம்பல்தான். ஒரு அக்கா அத முடிச்சுட்டு, "இப்படிக்கூட ஜெபம் பண்ணலாமா?"ன்னு கேட்டு ரொம்ப நேரம் அழுதாங்க.

குட்டி_தாவீது: அக்கா, என் வீட்டுக்காரிக்கு பைபோலார், அதாவது மனசு ஒரேயடியா ஏறி ஒரேயடியா இறங்கற நோய், அதுக்கு லித்தியம் மாத்திரை எடுத்துட்டிருந்தா. ஒரு ஜெபக்கூட்டத்துல விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்குன்னு சொல்லிட்டாங்க, நிறுத்திட்டா. கொஞ்ச வாரத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்ல இருக்கற எல்லாப் பாத்திரத்தையும் எடுத்துப் போட்டு விளக்கிக்கிட்டு சத்தமா கீர்த்தனை பாடறா, மூணு நாளா கண்ணு மூடல. எங்க சர்ச் ஐயரத்தான் கூப்பிட்டேன். வந்தவர் ஜெபம் பண்றதுக்கு முன்னாடி கேட்டது "மாத்திரைச் சீட்டு எங்கப்பா?" அவரே ஆட்டோ பிடிச்சு கூட ஆஸ்பத்திரிக்கு வந்து வெளிய உக்காந்திருந்தார், ஜெபமெல்லாம் அந்த பெஞ்சுலதான். எனக்கு இன்னும் கோவம் அடங்கல அக்கா, அந்த மேடைல பேசினவங்க மேல.

தம்பி, உங்க கோவம் நியாயம். என் ரூமுக்கு வர்றவங்ககிட்ட மொத நாளே சொல்லிடுவேன், டாக்டர் சொல்லாம ஒரு மாத்திரையும் நிறுத்தக்கூடாது, அதுவும் லித்தியம்னா ரத்தத்துல அளவு பாத்து பாத்துக் குடுக்கறது. ராத்திரில தாங்க முடியலன்னா 14416, டெலிமானஸ்னு கவர்மெண்ட் மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது, அந்த நம்பர கதவுக்குப் பின்னாடி ஒட்டி வச்சிருக்கேன். சர்ச்ல எனக்குக் கஷ்டமா இருக்கறது வேற, ரகசியம். ஆஸ்பத்திரில ஃபைல் பூட்டுக்குள்ள போயிடும், இங்க ஞாயித்துக்கிழமை ஒரே பெஞ்சுல உக்காந்திருப்போம், கமிட்டில ஒருத்தர் வந்து "அந்தப் பிள்ளைக்கு என்னம்மா பிரச்சனை, ஜெபிக்கத்தான் கேக்கேன்"பாரு. சொல்ல மாட்டேன் அண்ணாச்சி, பேர் தெரியாமலே ஜெபிங்கன்னுடுவேன். இத நீங்கல்லாம் எப்படி சமாளிக்கறீங்க, இதே ஊழியத்துல இருக்கறவங்க எழுதுங்க.