டேப்பிலேயே பதிந்த ஹம்: லினக்ஸில் எதை வைத்து நீக்குவது?

உசிலம்பட்டிப் பக்கம் 1990களில் பதிவான உறுமி மேளம், கும்மிப் பாட்டு. 14 கேசட். பிளேயர் ஹெட் துடைத்து, அசிமுத் (ஹெட்டின் சாய்வு) சரிசெய்து, மதுரையில் வைத்துக் கணினியில் ஏற்றியாச்சு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ். உபுண்டு 24.04, 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது.

சிக்கல் கரண்ட் ஹம் (மின்சாரத்தால் வரும் ரீங்காரம்). டேப்பை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறது. ஆக வயர், எர்த் கோளாறு இல்லை, பதிவிலேயே இருக்கிறது. ரெக்கார்டர் வேகம் சீராக இல்லாததால் 50 ஹெர்ட்ஸில் நிற்காமல் 49க்கும் 51க்கும் நடுவே அலைகிறது. 100, 150இலும் அதே ஆட்டம்.

ஆடாசிட்டி மென்பொருளின் நாட்ச் ஃபில்டரை (ஒரு அலைவெண்ணை மட்டும் வெட்டுவது) குறுகலாக வைத்தால் ஹம் நழுவுகிறது, அகலமாக வைத்தால் உறுமியின் அடிநாதமே போச்சு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை பாஸிலும் இதே கதைதான், 100க்கு மேல் இருப்பது தப்பிவிடுகிறது. நாய்ஸ் ரிடக்‌ஷன் 12 டெசிபலில் குரல் தண்ணிக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. 6இல் இரைச்சல் அப்படியே. ஆர்என்நாய்ஸ் என்ற இரைச்சல் நீக்கி பேச்சுக்குப் பழக்கியது, உறுமியையே இரைச்சலென்று தின்கிறது (எதிர்பார்த்ததுதான்). வைன் வழியாக விண்டோஸ் ப்ளக்இன் ஓட்டும் யோசனை வேண்டாம்.

அலையும் ஹம்மைப் பின்தொடர்ந்தே நீக்க, லினக்ஸில் நேரடியாக ஓடும் மென்பொருளோ எல்வி2 (லினக்ஸில் புழங்கும் ஒலி ப்ளக்இன் வகை) ப்ளக்இன்னோ எது?