லப்டொப் விசிறி இரைச்சலில் என்விடிஏ குரல் கேட்கவில்லை. வெப்பத்தைப் பார்க்க, குறைக்க வழி உண்டா?

கொக்குவிலான் கேட்டது:

வணக்கம். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. விண்டோஸ் 11 உள்ள லப்டொப்பில், திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானை வைத்து வேலை செய்கிறேன். ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் என் தொழில்.

இரண்டு மாதமாகப் பெரிய கரைச்சல். காலை பத்து மணி தாண்டினால் விசிறி இரையத் தொடங்கிவிடும். இரவு அறை குளிர்ந்த பிறகுதான் அடங்கும். பார்வை உள்ளவர்களுக்கு அது வெறும் சத்தம். எனக்குத் திரையே காதில்தான் இருக்கிறது. நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் தாளின் மேல் ஒருவர் விடாமல் புகை ஊதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். ஈஸ்பீக் தமிழ்க் குரலை நல்ல வேகத்தில் வைத்துக் கேட்கிறவன் நான். இரைச்சல் வந்ததும் முதலில் மெய்யெழுத்துகள் அழிந்துபோகும். 'வந்தார்' என்றதா, 'தந்தார்' என்றதா என்று ஒரே வரியை மூன்று தரம் கேட்க வேண்டியிருக்கிறது.

ஹெட்போன் போடலாமே என்பீர்கள். போடுகிறேன். எட்டு மணித்தியாலம் போட்டால் காது நோகும். அதைவிட, அம்மா அடுத்த அறையில் படுக்கையில் இருக்கிறார். அவர் கூப்பிடுவது எனக்குக் கேட்க வேண்டும்.

விசிறி வேகத்தை மாற்றும் பழைய மென்பொருள் ஒன்றை இறக்கிப் பார்த்தேன். டாப் விசையை அழுத்த அழுத்த 'பட்டன், பட்டன்' என்று மட்டும் வாசிக்கிறது. எது எதைச் செய்யும் என்று தெரியாமல் அழுத்தி, விசிறி நின்றுபோனால் என்ன ஆவது? விண்டோஸ் தொடங்குமுன் வரும் பயோஸ் அமைப்புக்குள் போனால் என்விடிஏ பேசாது. ஒரு கடையில் கொடுத்தேன். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். இரைச்சல் அப்படியே இருக்கிறது. விண்டோஸோடு வரும் திரைவாசிப்பானான நரேட்டரின் துணையோடு என்விடிஏயையும் மற்றவற்றையும் திரும்ப நிறுவ எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

வெப்பம் எத்தனை பாகை என்று திரைவாசிப்பான் வாசிக்கக்கூடிய கருவி ஏதாவது இருக்கிறதா? விசைப்பலகையால் மட்டும் விசிறியை அடக்க வழி இருக்கிறதா?

சுன்னாகம் திருத்துநர்:

அண்ணா, மென்பொருளுக்கு முதல் ஒரு விசயம். லப்டொப் வாங்கி எத்தனை வருசம்? உள்ளே ஒருக்காலாவது துப்புரவு செய்ததா?

நான் திருத்தும் வேலை செய்கிறவன். எங்கள் பக்கத்துச் செம்மண் தூசி பொல்லாதது. தோட்டக் காணிகளுக்கு நடுவில் உள்ள வீடுகளிலிருந்து வரும் லப்டொப்களைத் திறந்தால், விசிறிக்கும் அது காற்று ஊதும் உலோகத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டு மாதிரிப் படிந்திருக்கும். விசிறி என்ன வேகத்தில் சுற்றினாலும் காற்று வெளியேற வழி இருக்காது. சூடு ஏறும், அதற்காக விசிறி இன்னும் வேகம் எடுக்கும். விண்டோஸை எத்தனை தரம் மாற்றிப் போட்டாலும் இது போகாது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம், கண் தேவையில்லை. விசிறி உச்சத்தில் இரையும்போது காற்று வரும் துளைக்கு முன்னால் கையை வையுங்கள். சத்தம் பெரிதாக இருந்தும் கையில் காற்று மெல்லமாகத்தான் படுகிறது என்றால் அடைப்புத்தான்.

துப்புரவு செய்யக் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: புளோவர் அடிக்கும்போது விசிறி இதழைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் கட்டுப்பாடில்லாமல் சுற்றினால் பேரிங் கெட்டுப்போகலாம். பிறகு வேறு விதமான இரைச்சல் தொடங்கும். சிப்பின் சூட்டை உலோகத்துக்குக் கடத்தும் தேமல் பேஸ்ட் என்ற பசை காய்ந்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். பின்பக்கக் கால்களுக்குக் கீழே இரண்டு சோடா மூடி வைத்தாலே அடியால் காற்று நன்றாகப் போகும்.

மட்டக்களப்பு அக்கா:

தம்பி, நானும் உங்களைப் போல என்விடிஏயை நம்பி வேலை செய்கிறவள்தான்.

முதலில் வெப்பத்தைப் பார்க்கும் வழி. லிப்ரே ஹார்ட்வெயார் மொனிட்டர் என்று ஒரு திறந்த மூல மென்பொருள், இலவசம். அதன் பிரதான சாளரத்தில் உள்ள பட்டியலோடு மினக்கெட வேண்டாம். நிர்வாகி உரிமையோடு திறந்து, ஆல்ட் விசையை அழுத்தி மெனுவுக்குப் போய், ஒப்ஷன்ஸுக்குள் ரிமோட் வெப் சேர்வர் என்பதில் ரன்னைத் தெரிவு செய்யுங்கள். பிறகு உலாவியில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 8085 என்று தட்டினால் எல்லா அளவுகளும் ஒரு சாதாரண இணையப் பக்கமாக வரும். அம்புக்குறியால் வரி வரியாக வாசிக்கலாம். என்விடிஏ விசையோடு கொன்ட்ரோல், எஃப் அழுத்தித் தேடினால் நேரே சிபியு, அதாவது கணினியின் பிரதான சிப், உள்ள வரிக்குப் போகலாம். டாஸ்க் மனேஜரில் இதைத் தேடாதீர்கள். தனியான கிராபிக்ஸ் அட்டை இருந்தால் அதன் வெப்பத்தைக் காட்டும், சிபியுவின் வெப்பத்தைக் காட்டாது.

இனி விசிறி. பெரும்பாலான லப்டொப்களில் விசிறியை ஓட்டுவது உள்ளே இருக்கும் தனிக் கட்டுப்பாட்டுச் சிப். வெளி மென்பொருள் சொல்வதை அது கேட்காது. அதனால் விசிறியைப் பிடிக்காதீர்கள், சூட்டைப் பிடியுங்கள். சூடு குறைந்தால் விசிறி தானே அடங்கும்.

கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ், அதில் உங்கள் திட்டத்தின் அமைப்புகளை மாற்றும் இணைப்பு, பிறகு அட்வான்ஸ்ட். அங்கே வரும் மரப்பட்டியலை என்விடிஏ வடிவாக வாசிக்கும். புரொசசர் பவர் மனேஜ்மென்டை வலது அம்புக்குறியால் விரித்து, மக்சிமம் புரொசசர் ஸ்டேட்டில் 100 என்பதை 99 ஆக்குங்கள். பட்டரிக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று என்று இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். ஒரு வீதம்தானே என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான கணினிகளில் 99 வைத்தால் டர்போ பூஸ்ட் நின்றுவிடும். டர்போவில் சிப் வேகத்தைக் கூட்டும்போது மின்னழுத்தத்தையும் கூட்டும். அதனால் கிடைக்கும் வேகத்தைவிடச் சூடு கனக்க ஏறும். தட்டச்சுக்கும் ஒலி கேட்கவும் டர்போ தேவையே இல்லை. சில புதிய லப்டொப்களில் இந்த வரி பட்டியலில் இருக்காது. அப்படியென்றால் எழுதுங்கள், கமாண்ட் புரொம்ப்டில் செய்யும் முறையைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

ரொறன்ரோவிலிருந்து:

அக்கா சொன்ன கருவி நல்லது. ஒரு எச்சரிக்கை மட்டும். இப்படியான மென்பொருள்கள் பல, சிப்பின் உணரிகளைப் படிக்க வின்ரிங்ஸீரோ என்ற டிரைவரை, அதாவது வன்பொருளோடு பேசும் சிறு மென்பொருளை, பயன்படுத்தி வந்தன. அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதால் 2025 மார்ச்சில் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர் அதைத் தடுக்கத் தொடங்கியது. அப்படி அறிவிப்பு வந்தால் டிஃபெண்டரை நிறுத்தாதீர்கள். பழைய பிரதியை அழித்துவிட்டு, அந்தத் திட்டத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து புதிய பதிப்பை எடுங்கள்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: எல்எம் சென்சர்ஸ் நிறுவி, டேர்மினலில் சென்சர்ஸ் என்று தட்டினால் அளவுகள் வெறும் எழுத்தாக வரும். லினக்ஸின் திரைவாசிப்பானான ஓர்கா அதைத் தடையில்லாமல் வாசிக்கும்.

கொக்குவிலான்:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், ஒவ்வொன்றாகச் செய்து அளந்து பார்க்க விரும்பினேன்.

அக்கா சொன்னபடி பக்கம் திறந்தது. என் லப்டொப்பின் வெப்பத்தை என் காதால் கேட்டது அன்றுதான் முதல் தரம். பகல் இரண்டு மணிக்குத் தட்டச்சு செய்யும்போது 91 பாகை. விசிறி வேகம் என்ற வரியே என்னுடையதில் வரவில்லை.

சுன்னாகம் தம்பி சொன்ன கைச் சோதனையில் காற்று மூச்சு மாதிரித்தான் பட்டது. வாங்கி நாலு வருசம், ஒருக்காலும் திறக்கவில்லை. துப்புரவு செய்யும்போது பக்கத்திலேயே இருந்தேன், வந்த தூசியைக் கையில் வாங்கித் தொட்டுப் பார்த்தேன். பேஸ்ட்டும் மாற்றினார்கள். அதே நேரம், அதே வேலை, 77 பாகை. பிறகு 99 வைத்தேன், 65 ஆனது. தட்டச்சில் வேகக் குறைவு எதுவும் தெரியவில்லை. பெரிய ஒலிக்கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது மட்டும் கொஞ்சம் கூட நேரம் எடுக்கிறது, அதை இரவில் விட்டுவிடுகிறேன்.

விசிறி இப்போதும் சுற்றுகிறது, ஆனால் குரலுக்குக் கீழே இருக்கிறது. நேற்று ஒரு மணித்தியால ஒலிப்பதிவை ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரிலேயே கேட்டு முடித்தேன். நடுவில் அம்மா தண்ணீர் கேட்டது முதல் தரமே கேட்டது.

அக்கா, இன்னும் ஒரு கேள்வி. 85 பாகையைத் தாண்டினால் அந்தப் பக்கத்தைத் திறக்காமலே ஒரு மணி ஒலிக்கச் செய்யலாமா?