கமராவுக்குக் காசு சேர்க்க முன்னம் ஒரு மோட்டர் கதை

அன்பான ஊர் உறவுகளுக்கு,

நம்ம ஊர்ச் சங்கத் தலைவர் அண்ணன் போன கிழமை அனுப்பிய மடலையும் அதற்கு வந்த பதில்களையும் வாசித்தேன். ஊரில் களவு கூடிவிட்டது, சந்தியிலும் கோயிலடியிலும் வாசிகசாலை முன்னாலும் கமரா பூட்டுவோம், ஆளுக்கு இவ்வளவு என்று போடுவோம். இதுதான் சாரம். ரொறன்ரோவில் இருந்து ஒரு தம்பி விலையே கேட்டு எழுதிவிட்டார். நான் காசு தர மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காசு வேறு இடத்துக்குப் போகவேண்டும் என்று நினைக்கிறேன், அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். நான் நின்ற நாலாம் நாள் மாமாவின் தண்ணி மோட்டர் களவு போனது. கிணற்றடியில் சீமெந்துக் கட்டில் நாலு போல்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தவர். விடியப் போய்ப் பார்த்தால் குழாயை வாளால் அறுத்திருக்கிறார்கள், வயரைக்கூட விடவில்லை, துருப்பிடித்த போல்ட் நாலும்தான் நிமிர்ந்து நின்றன. இரண்டு பேருமாகப் பொலிசுக்குப் போனோம். எந்தப் பொலிஸ் என்று எழுதவில்லை, எழுதி யாருக்கும் கரைச்சல் கொடுக்கும் எண்ணம் இல்லை. வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்தபிறகு கூப்பிட்டார்கள். முறைப்பாடு எழுதியவர் இளம் பெடியன், மரியாதையாகத்தான் கதைத்தார். தமிழ் பேசுவார், எழுத வராது. மாமா பழைய ஆள். "தம்பி, மோட்டரக் காணல்ல" என்று தொடங்கினார். நம்ம ஊரில் யார்தான் எடுத்த எடுப்பில் களவு என்று சொல்வார்கள்? மாடு போனாலும் காணல்ல, மோதிரம் போனாலும் காணல்ல. களவு என்று வாய் விட்டால் அடுத்த வீட்டுக்காரன் முகத்தைப் பார்க்கவேண்டி வரும் என்ற பயம். அவர் அதைக் கேட்டபடியே சிங்களத்தில் "நெத்தி வுணா" என்று எழுதினார், அதாவது தொலைந்துவிட்டது. வாசித்துக் காட்டினார், மாமா தலையாட்டினார், கையெழுத்து வைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் அது உறைக்கவில்லை. இருபது வருடமாக லண்டனில் இருக்கிறேன், என் சிங்களம் பஸ்ஸுக்குள் இடம் கேட்கிற அளவுதான்.

மூன்று கிழமை கழித்து, நான் இங்கே வந்துவிட்ட பிறகு, அதே நீல மோட்டரை ஒரு பழைய இரும்புக் கடையில் கண்டதாக யாரோ சொல்லி மாமா திரும்பவும் பொலிசுக்கு ஓடியிருக்கிறார். அன்றைக்கு இருந்தவர் வேறு ஆள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது தொலைந்த சாமான் முறைப்பாடு, களவு என்று எங்கேயும் இல்லை, மோட்டர் நம்பரும் இல்லை, நான் எதை வைத்துக்கொண்டு கடைக்குப் போவது?" என்று கேட்டாராம். அவர் கேட்டதில் பிழை சொல்ல முடியவில்லை. மாமா வீட்டுக்குப் போய் பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் கடையில் மோட்டர் இல்லை.

இப்போது சொல்லுங்கள், அந்த ஒழுங்கையில் நாலு கமரா பூட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தலைக்கவசம் போட்ட இரண்டு பெடியன்கள் மோட்டார் சைக்கிளில் சாக்குப் பையோடு போகிற படம் கிடைத்திருக்கும். அந்தப் படத்தை யார் பொலிசுக்குக் கொண்டுபோவது? அது இன்னாருடைய மோட்டார் சைக்கிள் என்று யார் கையெழுத்து வைப்பது? இன்னொன்றும் இருக்கிறது, இதை லேசாக எழுத எனக்கு வரவில்லை. போர்க்காலத்தில் முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டி நின்ற சந்திகள் அவை. அதே சந்தியில் கமரா பூட்டி, அதன் பாஸ்வேர்டை யாரோ ஒருவரிடம் கொடுத்துவைப்பதை நம்ம அம்மாமார் எப்படிப் பார்ப்பார்கள் என்று ஊரில் இருக்கிறவர்களைக் கேட்டோமா?

சரி, மோட்டருக்கு வருவோம். இங்கே வந்தபிறகு சட்டத்தரணியாக இருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். இலங்கையின் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 109 ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. வாயால் சொல்லும் முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்டவேண்டும். அந்த மொழியில் எழுத அங்கே ஆள் இல்லையென்றால், நீங்களே எழுதித் தாருங்கள் என்று கேட்கவேண்டும். எழுதத் தெரியாது என்றால்தான் மற்ற மொழியில் பதியலாம், அதற்கும் காரணம் குறித்து, விளங்கும் மொழியில் சொல்லிக்காட்டவேண்டும். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. வாங்கில் இருக்கிற மாமாவுக்குத் தெரியாது, எழுதுகிற பெடியனுக்கும் அவசரம். ஆகவே வழி சின்னது: வீட்டிலேயே ஒரு தாளில் தமிழில் எழுதி, தேதி, நேரம், பொருள், நம்பர், "களவாடப்பட்டது" என்ற சொல், எல்லாம் போட்டு இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போவது. ஒன்றைக் கொடுத்து மற்றதில் வாங்கியதாகக் குறித்துத் தரச் சொல்லிக் கேட்பது. இதற்குக் கமரா வேண்டாம், எழுதத் தெரிந்த, சபைக்கூச்சம் இல்லாத ஓர் ஆள் கூடப் போனால் போதும்.

அந்த ஆள் யார் என்பதுதான் கேள்வி. சிவில் பாதுகாப்புக் குழு என்று ஒன்று பேருக்கு இருக்கிறது. கிராம அலுவலர், பொலிசில் இருந்து ஒருவர், கோயில் தலைவர், மாதர் சங்கத்தில் ஒருவர், கடற்றொழில் சங்கத்தில் ஒருவர் என்று இருப்பார்கள். மாமாவிடம் கேட்டேன், கடைசியாகக் கூட்டம் எப்போது என்று. "பொலிஸ் பெரியவர் மாறி வந்த நேரம் ஒருக்கா கூப்பிட்டாங்க, பிஸ்கட் தந்தாங்க" என்றார். சனம் போகாததற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. குழு என்றால் காட்டிக்கொடுக்கிற குழு என்று ஒரு காலம் பழக்கிவிட்டது. 2011 ஓகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற கிறீஸ் பூதக் கதை பரவியபோது கிண்ணியாவில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். முறைப்பாடு கொடுத்து நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாத சனம் நேரே வீதிக்கு இறங்கிப் படையினரோடு முட்டிக்கொண்டது. பூதம் உண்டோ இல்லையோ, அந்த நம்பிக்கையின்மை உண்மை.

இங்கே கிழக்கு லண்டனில் எங்கள் வார்டில் பொலிசோடு குடியிருப்பாளர் கூடும் குழு ஒன்று இருக்கிறது, அக்காவின் கரைச்சலால் நானும் மூன்று தரம் போயிருக்கிறேன். 1998 இல் வந்த சட்டம் ஒன்று, குற்றத் தடுப்பைப் பொலிசின் வேலை என்று விட்டுவிடாமல் உள்ளூராட்சி சபையும் சேர்ந்து பொறுப்பெடுக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. நல்லெண்ணத்தில் வந்த நட்பு இல்லை, சட்டப்படி கடமை. இதற்குள்ளும் குறை ஆயிரம். 1993 இல் கொல்லப்பட்ட ஸ்டீவன் லோரன்ஸ் என்ற கறுப்பினப் பெடியனின் வழக்கைப் பொலிஸ் எப்படிக் கோட்டைவிட்டது என்று 1999 இல் வந்த மக்ஃபர்சன் அறிக்கை, நிறுவனத்துக்குள் ஊறிய இனவாதம் என்றே எழுதவேண்டி வந்தது. அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: தலைமை வகிப்பவர் வார்டில் குடியிருக்கும் ஒரு கிழவி. பொலிஸ்காரர் பக்கத்தில் கதிரையில் இருந்து, போன தரம் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கணக்குச் சொல்லவேண்டும். நம்ம ஊரில் பொலிஸ் கூப்பிட்டு, பொலிஸ் தலைமை தாங்கி, பொலிஸ் நன்றியுரையும் சொல்லி முடிக்கிறது. கதிரையை மாற்றிப் போடக் காசு வேண்டாம். கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதி வாசிகசாலைப் பலகையில் ஒட்டினால், அடுத்த கூட்டத்துக்கு நாலு பேர் கூட வருவார்கள்.

ஆளுக்காள் கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு முழுதாக யாரிடமும் இல்லாத விசயத்துக்கு நல்ல உதாரணம், டைனமைற் வெடிவைத்து மீன் பிடிப்பது. நம்ம கரையில் வாடியில் கொட்டும்போதே தெரியும், அந்த மீனைக் கையில் தூக்கினால் துவண்டு விழும், முள் உள்ளே உடைந்திருக்கும், வயிற்றைக் கீறினால் காற்றுப்பை வெடித்து இரத்தம் கட்டியிருக்கும். அம்மம்மா அதைத் தொட்டுப் பார்த்தே வேண்டாம் என்று தள்ளிவிடுவார். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் வெடிவைத்துப் பிடிப்பதைத் தடை செய்திருக்கிறது. கடலில் ஆளைப் பிடிப்பது கடற்படையோ கரையோரப் பாதுகாப்போ, வழக்குப் போடுவது கடற்றொழில் திணைக்களம், வெடிமருந்து எங்கிருந்து வந்தது என்று தேடுவது பொலிஸ், வெடிமருந்து வாங்குகிற கல்லுடைக்கிற இடத்துக்கு அனுமதி கொடுத்தவர்கள் வேறு. யார் அடிக்கிறார்கள் என்று கரையில் வலை தைக்கிற கிழவனுக்குத் தெரியும், ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் சொல்லிவிட்டு அதே கடலுக்கு அவர் மகன் போகவேண்டும்.

மத்தியஸ்த சபையைப் பற்றி ஒரு தம்பி கேட்டிருந்தார். அது நம்ம நாட்டில் உருப்படியாக நடக்கிற சிலவற்றில் ஒன்று என்பது என் எண்ணம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. சனி ஞாயிறுகளில் பள்ளிக்கூட வகுப்பறையில், சின்னப்பிள்ளைகளின் மேசையில் முழங்கால் முட்ட மூன்று பேர் இருந்து கேட்பார்கள். சட்டத்தரணி வரக்கூடாது. வேலிச் சண்டை, கைகலப்பு, சின்னக் கடன், மிரட்டல் போன்றவை அங்கேதான் முதலில் போகவேண்டும். இணக்கம் வராவிட்டால் அதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள், அதைக் கொண்டு நீதிமன்றம் போகலாம். தெரியாமல் நேரே வழக்குப் போட்டு, திருப்பி அனுப்பப்பட்டு, ஆறு மாதத்தை வீணாக்கின ஆட்களை எனக்குத் தெரியும்.

ஆனால் எல்லாரும் ஒரே மேசையில் இருந்து பேசித் தீர்ப்பது எப்போதும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். புருசன் அடித்துக் கண் வீங்கி வந்த பிள்ளையை, "குடும்ப மானம், சமாதானமாப் போ மகள்" என்று திருப்பி அனுப்பியது பொலிஸ் மட்டுமா? கோயில் தலைவரும் சொந்த மாமனாரும் சேர்ந்துதானே அனுப்பினார்கள். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அவளுக்காகப் பொலிசும் கேட்கலாம். அப்படியான விசயத்தில் ஊர்க்குழு வாயைத் திறக்காமல், வழக்குக்குப் போக ஓட்டோக் காசு மட்டும் கொடுத்தால் பெரிய உதவி.

வழக்குக்குப் போவது என்றதும் எனக்கு 2006 ஜனவரி 2 தான் வரும். திருகோணமலைக் காந்தி சிலையடியில், கடற்கரையில், சுட்டுக் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்கள். நம்மில் பலருக்கு அந்தப் பிள்ளைகளில் ஒருவரையாவது தெரியும், அல்லது அவர்களின் ரியூசன் வகுப்பில் படித்தவர்களைத் தெரியும். சாட்சி சொல்லவேண்டியவர்கள் மிரட்டப்பட்டு நாட்டை விட்டுப் போனார்கள். 2019 ஜூலையில் போதிய சான்று இல்லை என்று, குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015 இல் வந்தது, 2023 இல் அதற்குப் பதிலாகப் புதிது வந்தது. ஒன்பது வருடம் பிந்தி வந்த சட்டத்தால் அந்தத் தாய்மாருக்கு என்ன? மோட்டர் களவையும் அதையும் ஒரே மடலில் எழுதுவது சரியா என்று யோசித்தேன். ஊரில் சாட்சி சொல்ல யாரும் ஏன் வருவதில்லை என்று இங்கிருந்து கேட்கிற நாம், சாட்சி சொன்னவர்கள் ஏன் இங்கே வந்து இருக்கிறார்கள் என்பதையும் நினைக்கவேண்டும், அதனால் எழுதிவிட்டேன்.

ஆகவே என் கேட்பு இவ்வளவுதான். கமராக் காசில் பாதியையாவது எடுத்து, ஊரில் இரண்டு பேருக்கு, ஒரு பெண் ஒரு ஆண், இரண்டு மொழியும் எழுதத் தெரிந்தவர்களாகப் பார்த்து, முறைப்பாட்டுக்குக் கூடப் போகிற போக்குவரத்துச் செலவும் சின்னக் கொடுப்பனவும் கொடுப்போம். ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் சம்மதிப்பார் என்று மாமா சொல்கிறார். சாட்சிக்குப் போகிறவர்களின் பஸ் காசும் மதியச் சாப்பாடும் அதற்குள் வரட்டும், தவணை தவணையாகப் போய் வந்து கூலியை இழந்துதான் பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். வாசிகசாலையில் ஒரு தடித்த கொப்பி வைத்து, தண்ணி மோட்டர், படகு இஞ்சின், சைக்கிள், மாட்டின் காதுப் பட்டி நம்பர், எல்லாவற்றையும் எழுதிவைப்போம். யாருக்கு இதில் மறுப்பு இருந்தாலும் எழுதுங்கள், தனி மடலில் இல்லாமல் எல்லாருக்கும் தெரிய எழுதுங்கள்.

மார்கழியில் ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் வீட்டு மோட்டரின் தகட்டை ஒருக்கால் போனில் படம் எடுத்து வையுங்கள். மாமா புது மோட்டர் வாங்கிய அன்றே நம்பரைக் குசினிச் சுவரில் கரியால் பெரிதாக எழுதிவைத்தார். மாமி தைப்பொங்கலுக்கு வெள்ளையடித்து அதை அழித்துவிட்டாராம். இப்போது திரும்பவும் எழுதியிருக்கிறார், இந்தத் தரம் சுவாமி அறைக் கதவுக்குப் பின்னால்.

அன்புடன்,
கிழக்கு லண்டனில் இருந்து உங்கள் தம்பி