மறு: 'உள்வில்லை' வேண்டாம், 'செருகுவில்லை' என்போம்

அனைவருக்கும் வணக்கம். சைக்கிள் ஓட்டுபவர்களின் கண்ணாடிகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடி, நம் குழுவின் சொல்லடைவில் (கலைச்சொல் பட்டியலில்) சேர்ப்பது பற்றிய மடல்களுக்கு இது என் பதில்.

> சைக்கிள் ஓட்டும்போது போடும் பவர் கண்ணாடியை 'மருந்துச்சீட்டு மிதிவண்டிக் கண்ணாடி' எனலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. மருந்துச்சீட்டு என்றதும் மாத்திரையும் டானிக்கும்தான் நினைவுக்கு வரும். கண்ணாடிக்கு நம்மிடம் ஏற்கெனவே 'பவர்' இருக்கிறது. சொல்லடைவில் 'பார்வைத்திருத்தக் கண்ணாடி' என்று போட்டுவிட்டு, பேச்சில் 'பவர் கண்ணாடி'யை அப்படியே விட்டுவிடலாம். கலைச்சொல் உண்மையிலேயே தேவைப்படும் இடம் வேறு.

சைக்கிளுக்கான பவர் கண்ணாடியை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். இரண்டுக்கும் தனிப்பெயர் இல்லாவிட்டால், வாங்குபவர் தனக்கு எது வேண்டும் என்று கடையில் கேட்கவே முடியாது.

முதல் வகையில், காற்றும் தூசியும் பக்கவாட்டில் புகாதபடி முகத்தோடு வளைந்து வரும் கண்ணாடியிலேயே பவரைக் கடைந்து தருவார்கள். இந்த வளைந்த அமைப்புக்கு 'சூழ்கண்ணாடி' என்று முன்மொழிகிறேன். ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை, ஆகவே நடுவில் 'க்' வராது. 'வளைகண்ணாடி' என்றும் ஒரு மடலில் வந்தது. ஆனால் எல்லா மூக்குக் கண்ணாடியும் ஓரளவு வளைந்ததுதான். இங்கே சிறப்பு, கண்ணைச் சுற்றி அடைத்து நிற்பது.

இரண்டாவது வகையில், வெளியே பவர் இல்லாத கூலிங் கிளாஸ் இருக்கும். அதன் பின்புறம், மூக்குப் பகுதியில், பவர் போட்ட ஒரு சிறிய ஜோடியைச் செருகிக் கொள்ள வேண்டும். இதைத்தான் முந்தைய மடலில் 'உள்வில்லை' (வில்லை என்றால் லென்ஸ்) என்றிருந்தார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்புரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸையும் அந்தச் சொல் குறிக்கும். கண் மருத்துவத்தில் இப்படி ஒரு குழப்பம் கூடவே கூடாது. 'செருகுவில்லை' என்றால் கழற்றி மாட்டலாம் என்பதும் சேர்ந்தே புரிகிறது. வில்லையா லென்ஸா என்ற பழைய வழக்கை இங்கே கிளப்ப வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் வில்லை என்றே படிக்கிறார்கள், 'செருகுலென்ஸ்' என்று சொல்பவர்கள் அப்படியே சொல்லட்டும்.

பெயரைப் பிரித்தால் தேர்வும் எளிதாகும். செருகுவில்லை ஒன்றே ஒன்று இருந்தால் போதும், வெளிக்கண்ணாடியை மட்டும் பகலுக்குக் கறுப்பு, இரவுக்கு நிறமில்லாதது என்று மாற்றிக் கொள்ளலாம். பவர் கூடினாலும் சின்ன வில்லையை மட்டும் மாற்றினால் போதும். குறையும் உண்டு. இரண்டு அடுக்குக்கு நடுவே ஆவி படியும், சிலருக்கு இமைமுடி உரசும். செருகுவில்லையின் ஓரத்துக்கு அப்பால் பவர் கிடையாது. பின்னால் லாரி வருகிறதா என்று தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. பவர் மிதமாக இருந்து, பக்கவாட்டுப் பார்வையும் வேண்டும் என்றால் நேரடியாகப் பவர் போட்ட சூழ்கண்ணாடியையே நான் சொல்வேன். மைனஸ் பவர் அதிகமாக இருந்தால் அதில் ஓரம் தடித்துவிடும், பல பிரேம்களில் போடவே முடியாது. அவர்களுக்குச் செருகுவில்லைதான் சரி.

இதோடு இன்னொரு சொல்லையும் சேர்க்க வேண்டுகிறேன்: 'அணிநிலைப் பவர்'. மருத்துவர் பரிசோதிக்கும்போது லென்ஸ் கண்ணுக்கு நேராக நிற்கிறது. சாதாரண பிரேமிலும் ஏறக்குறைய அப்படித்தான். சூழ்கண்ணாடியிலோ ஒவ்வொரு லென்ஸும் பக்கவாட்டில் 15 முதல் 25 டிகிரி வரை சாய்ந்திருக்கும். சாய்ந்த லென்ஸ் வழியே பார்த்தால் பவர் மாறும், இல்லாத சிலிண்டர் பவரும் (ஒரு திசையில் மட்டும் இருக்கும் பவர்) வந்து சேரும். அதை ஈடுகட்ட, மருத்துவர் தந்த சீட்டில் உள்ள எண்ணைக் கொஞ்சம் மாற்றித்தான் ஆய்வகத்தில் லென்ஸைக் கடைய வேண்டும். அப்படி மாற்றிய எண்தான் அணிநிலைப் பவர். கண்ணாடியோடு வரும் அட்டையில் எண் வேறாக இருப்பது இதனால்தான், தவறு அல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்ல ஒரு பெயர் இல்லாவிட்டால், சரியாகச் செய்த கண்ணாடியைக்கூடத் தவறு என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதைவிட மோசம், ஈடுகட்டாமல் சீட்டு எண்ணை அப்படியே போட்டு வாங்கிவிட்டு, தலைசுற்றல் தன் கண்ணின் கோளாறு என்று நினைத்துக் கொள்வது. 'அணிநிலைப் பவர் கணக்கிட்டீர்களா?' என்ற ஒரே கேள்வி இரண்டையும் தடுக்கும்.

அளவெடுக்கும்போது கடையில் நிமிர்ந்து உட்காராமல், சைக்கிளில் குனிவது போலவே குனிந்து காட்டுங்கள். வளைந்த ஹேண்டில்பாரைக் கீழே பிடித்து ஓட்டுபவர் கண்ணாடியின் மேல்பகுதி வழியாகத்தான் சாலையைப் பார்க்கிறார். லென்ஸின் மையத்தை அதற்கேற்ப உயர்த்தி வைக்கலாம். மேல்விளிம்பு இல்லாத பிரேமும் இதற்காகத்தான்.

> வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸுக்கு 'ஒளிமாறி'?

'வெயில்மாறி' பொருத்தமாக இருக்கும். அதைக் கறுக்க வைப்பது புற ஊதாக் கதிர். தெருவிளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் அது கறுக்காது. சூடு கூடக் கூடக் கருமை குறையும் என்பதையும் விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள், சித்திரை வெயிலில் சென்னையில் ஓட்டுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் நண்பர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். 'செருகுவில்லை', 'அணிநிலைப் பவர்' இரண்டையும் வாடிக்கையாளரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு, எது வாயில் தடுக்கிறது என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு சொல்லடைவில் ஏற்றுவோம்.