பவர் ஆப்ஸ்: எஸ்கியூஎல் இணைத்ததும் எல்லோரிடமும் லைசென்ஸ் கேட்குது

கிளிநொச்சி_கணக்கு:
நெல் கொள்வனவுக்குப் பவர் ஆப்ஸில் (சொந்தமாகச் செயலி செய்யிற மைக்ரோசாப்டின்ர கருவி) ஒரு செயலி ஓடுது. பரந்தன், உருத்திரபுரம், முரசுமோட்டை எண்டு மூண்டு நிலையம், 14 இலிகிதர்கள். எல்லோருக்கும் மைக்ரோசாப்ட் 365 பிசினஸ் பேசிக் இருக்கு. மூட்டை, எடை, ஈரப்பதன் எல்லாம் ஷேர்பாயிண்ட் லிஸ்டில் (365 உடன் வாற ஒன்லைன் அட்டவணை) சேரும்வரை ஒரு கரைச்சலும் இல்லை. விவசாயியின்ர கடன் மீதியைக் காட்டக் கந்தோர் எஸ்கியூஎல் சேர்வரை (தரவுத்தளம்) இணைச்சதும் எனக்கு ட்ரையலில் திறக்குது, மற்றவைக்கு லைசென்ஸ் கேட்குது. எனக்கு மட்டும் ஒரு பிரீமியம் லைசென்ஸ் (365க்கு மேலால காசு கட்டி வாங்கிறது) வாங்கினால் போதுமோ?

ஓமந்தை:
போதாது தம்பி. செய்தவரிடம் மட்டுமில்லை, திறக்கிற ஒவ்வொருவரிடமும் அது இருக்கவேணும். எஸ்கியூஎல் கனெக்டர் (செயலியைத் தரவோட இணைக்கிற பகுதி) 2019 ஒக்ரோபர் 1 முதல் பிரீமியம். ஒரேயொரு திரையில் பாவிச்சாலும் முழுச் செயலியும் பிரீமியம்தான். டேட்டாவேர்ஸ் (மைக்ரோசாப்டின்ர தரவுத்தளம்), எச்டிடிபி கனெக்டர், நாங்களே செய்யிற கஸ்டம் கனெக்டர், கந்தோர் சேர்வரை இணைக்கப் போடுற கேட்வே எல்லாத்துக்கும் இதே கதை. செயலியின்ர விபரப் பக்கத்தில் எந்த லைசென்ஸ் எண்டு காட்டும். சூத்திரத்தை மட்டும் அழிச்சால் மாறாது. டேட்டா பகுதியிலிருந்தே எஸ்கியூஎல்லை நீக்கி, திரும்பப் பப்ளிஷ் பண்ணுங்கோ.

பிரீமியத்தின்ர பட்டியல் விலை ஆளுக்கு மாசம் 20 டொலர், 14 பேருக்கு 280. நெல் வாறது பெரும்போக, சிறுபோக அறுவடை மாசங்களில் மட்டும். வருசம் முழுக்க அதைக் கட்டுறது வீண். எஸ்கியூஎல் கட்டாயம் எண்டால் அசூர் (மைக்ரோசாப்டின்ர கிளவுட் சேவை) கணக்கோட இணைச்சுப் பாவிச்ச மாசத்துக்கு மட்டும் கட்டுங்கோ: அந்த மாசம் செயலியைத் திறந்த ஆளுக்கு 10 டொலர்.

நெடுங்கேணி:
கடன் மீதியைப் பார்க்க மட்டும்தானே வேணும்? அப்ப எஸ்கியூஎல்லைத் தொடவே தேவையில்லை. கணக்காளர் பின்னேரம் மீதிகளை எக்செலுக்கு எடுத்து, ‘கடன் மீதி’ எண்டொரு ஷேர்பாயிண்ட் லிஸ்டில் போடட்டும். அண்டைக்கு விவசாயி கடனுக்குக் கட்டின காசை இன்னொரு லிஸ்டில் பதிஞ்சு, செயலியிலேயே கழிச்சுக் காட்டலாம். எல்லாம் 365 லைசென்ஸுக்குள்ள அடங்கிற ஸ்டாண்டர்ட் கனெக்டர், மேலதிகச் செலவில்லை.

இதைப் பிரீமியம் ப்ளோ (வேலையைத் தானாகச் செய்யிற தொடர்) ஒண்டால் செய்விக்க யோசிப்பீங்கள். பட்டன் அமத்தி ஓடுற ப்ளோவுக்கு அமத்துறவரின்ர லைசென்ஸ், தானாக ஓடுறதுக்கு உரிமையாளரின்ர லைசென்ஸ் பார்ப்பினம். ஆனால் ஒரு கணக்கை நடுவில் வைச்சு 14 பேருக்கும் பிரீமியம் வேலை செய்விச்சால், லைசென்ஸ் எண்ணிக்கை குறைஞ்சதாக மைக்ரோசாப்ட் எடுக்காது.

பூநகரி:
அந்த லிஸ்டில் ஒரு குழி இருக்கு. ‘சேர்ச்’ சூத்திரத்தை ஷேர்பாயிண்ட் தன்ர சேர்வரில் ஓட்டாது. செயலி முதல் 500 வரியை மட்டும் எடுத்துத் தேடும். 501ஆவது விவசாயியின்ர மீதி வெறுமையாக வரும், இலிகிதர் கடனே இல்லை எண்டு நினைச்சு நெல்லுக்கான முழுக்காசையும் விவசாயிக்குக் குடுத்திடுவார். செயலியின்ர செட்டிங்கில் அந்த 500ஐ 2000 வரைதான் கூட்டலாம். ‘பில்டர்’ போட்டு, அடையாள அட்டை இலக்கத்தை நேர்சமனாகப் பொருத்தித் தேடுங்கோ. மஞ்சள் முக்கோண எச்சரிக்கை தெரிஞ்சால் அப்படியே விடாதேங்கோ.

கிளிநொச்சி_கணக்கு:
நன்றி அண்ணைமார். லிஸ்ட் வழியையே எடுக்கிறன். பெரிய தொகைக்கு முகாமையாளரின்ர அனுமதி கேட்கிற ப்ளோ ஒண்டும் இருக்கு, ஷேர்பாயிண்டும் அப்ரூவலும் மட்டும்தான். அதுக்கு ஏதும் வேணுமோ?

நெடுங்கேணி:
அது இரண்டும் ஸ்டாண்டர்ட், காசில்லை. ஆனால் 365 லைசென்ஸில் ஓடுற ப்ளோ 90 நாள் சும்மா கிடந்தால் தானாக நிண்டுபோம். சிறுபோகம் முடிஞ்சு பெரும்போக நெல் வர அதைவிடக் கூட நாள் ஆகும். நிலையம் திறக்க முதல் நாளே போய் ப்ளோ ஓனில் இருக்கோ எண்டு பாருங்கோ.